அம்மாவிடம் சொன்னீர்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. கொஞ்ச நாளாகத் தலைவலி, வலது கை மரத்துப்போகிறது. ஸ்கேனில் மூளை உறையில் கட்டி, மெனிஞ்சியோமா என்றார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமாம். அப்பா இல்லை. நான் லுங்கிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தங்கை கல்யாணக் கடனே தீரவில்லை. அம்மா பெயரில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. விற்பதா, அடமானம் வைப்பதா? சென்னைக்குக் கொண்டுபோ என்கிறார் மாமா. அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் டாக்டரிடம் பேசினோம். நரம்புக் கோளாறு, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மனதைத் தேற்றிக்கொள்ள வழி சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

மாமா சொன்னதை விடுங்கள். கொல்கத்தாவிலிருந்து நோயாளிகள் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். வேலூர் லாட்ஜ்களில் பெங்காலியில் போர்டு தொங்குகிறது. மூளை, நரம்பு வைத்தியத்துக்கென்று இந்தியாவின் முதல் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். பக்கத்து ஊரில் இதை வைத்துக்கொண்டு சென்னைக்கு எதற்கு?

மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்வது. உங்களைத் தேற்ற என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

பணத்துக்கு முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. எந்த ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். கட்டிய பில்லைப் பிறகு எடுத்துக்கொண்டு அலைவதில் பயனில்லை.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். வெளியே உட்காரவைத்தோம் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள்! தலை யாருடையது தம்பி?

என் சித்தப்பா பேரணாம்பட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவருக்கும் தலையில் இடது பக்கம் கட்டி. கண்ணுக்கு ஏதோ சின்ன ஆபரேஷன் என்று சொல்லியே பெரியவர்கள் கூட்டிப்போனார்கள். கையெழுத்தும் பெரியப்பாவே போட்டார். மொட்டையடிக்க ஆள் வந்து நின்றபோது சித்தப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் பேச்சு வரவில்லை. "அது... அது..." என்பார், விரலால் போர்வையில் என்னவோ எழுதுவார். தண்ணீர் கேட்கிறார் என்று டம்ளரை நீட்டுவோம். பாட்டியின் காசுமாலை சேட்டுக் கடைக்குப் போனது. அப்புறம் மீட்டர் வட்டி. மாதக்கணக்கில் கழித்து வார்த்தை திரும்பியபோதுதான் தெரிந்தது, சித்தப்பா கடைசித் தவணை வரை கட்டிய சீட்டு ஒன்று எடுக்கப்படாமலே கிடந்திருக்கிறது. அதைத்தான் போர்வையில் எழுதிக்கொண்டிருந்தார். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாக் கணக்கையும் ஒப்படைத்துவிட்டுப் படுத்திருப்பார்.

உங்கள் அம்மாவுக்கு வலது கை மரத்துப்போகிறது என்றால் கட்டி இடது பக்கமாக இருக்கலாம். பேச்சை நடத்தும் மூளைப் பகுதியும் பெரும்பாலோருக்கு அந்தப் பக்கம்தான். பேச்சு பாதிக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதை அம்மாவே கேட்கட்டும்.

தாங்கமாட்டார் என்பீர்கள். கணவன் போனபின் உங்களைப் படிக்கவைத்து மகளையும் கட்டிக்கொடுத்தவர் எதைத் தாங்கவில்லை? தாங்காதது நீங்கள்தான். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மயக்க மருந்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்று 2008-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அவசர ஆபத்து இல்லாதபோது, புத்தி தெளிவாக உள்ளவரின் சம்மதத்தை அவரிடமேதான் வாங்க வேண்டும்.

வீட்டை விற்பதா அடமானமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் பெயரில் உள்ள வீட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட அம்மாதானே வர வேண்டும்? அங்கே என்ன சொல்லுவீர்கள், ஊசி போடத்தான் வந்திருக்கிறோம் என்றா?