தைராய்டு மாத்திரையும் பசியாறும் நேரமும்: ஒரு மருந்தாளரின் பதில்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருந்தக மேசைக்குப் பின்னால் இருபது ஆண்டுகளாக நிற்கிறேன். தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் தொடங்கியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. எப்போது, எதனோடு விழுங்குவது என்பதில் மட்டும் என் வாய் கொஞ்சம் நீளும்.

பத்து நாளாகச் சாப்பிடுகிறேன், சோர்வு அப்படியே இருக்கிறது. மருந்து எனக்குப் பிடிக்கவில்லையோ? (பட்டர்வொர்த் சகோதரி)

பத்து நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள் அம்மா. உடலில் சேர்ந்த இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகிறது. ஒரே அளவைத் தொடர்ந்து எடுத்தால் இரத்தத்தில் அது நிலைப்பட 5, 6 வாரம் பிடிக்கும். அதனால்தான் மருத்துவர் 6 முதல் 8 வாரம் கழித்து இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார். சோர்வும் குளிரும் முதலில் விலகும். முடியும் தோலும் தேறச் சில மாதங்கள் ஆகும்.

என் மனைவிக்கு நேராக 100 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். 72 வயது அப்பாவுக்கு வெறும் 25. ஒரே நோய்தானே? (செபராங் ஜெயா)

நோய் ஒன்று, இதயம் வேறு. இதய நோய் இல்லாத இளவயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. மனைவி 60 கிலோ என்றால் 96 வரும். கையில் கிடைப்பது 100. முதியவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் அப்படித் தொடங்கினால், மந்தமாக ஓடிப் பழகிய இதயத்தைத் திடீரென்று விரட்டியது போலாகும். அதனால் 12.5 அல்லது 25இல் தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் இரண்டு அட்டைகள் இருப்பதால் இன்னொன்று: அவற்றை ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

காலையில் தே தாரேக்கோடு (பால் தேநீர்) சேர்த்து விழுங்கலாமா? (ஆயர் ஈத்தாம்)

நான் காத்திருந்த கேள்வி இது! கூடாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, பசியாற அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கோப்பி, பால், சோயா பால் எல்லாமே இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஒரு பாட்டியம்மா மாதந்தோறும் வருவார். ஒவ்வொரு பரிசோதனையிலும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராக்சின் போதாதபோது இது ஏறும்) உயர்ந்தே இருந்தது; அளவும் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் பையிலிருந்து ஏழு நாள் டப்பாவை எடுத்துக் காட்டினார். காலைக் குழியில் சின்ன வெள்ளை மாத்திரை, அதன்மேல் சுண்ணாம்புச் சத்து, பக்கத்தில் இரும்பு. மூன்றையும் ஒரே மடக்கில், சூடான தே தாரேக்கோடு! சுண்ணாம்பையும் இரும்பையும் மதியத்துக்கு மாற்றினோம். மருத்துவரிடமும் சொல்லச் சொன்னேன். அடுத்த பரிசோதனைக்குப் பிறகு அவர் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று.

காலையில் அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம். காலையோ இரவோ, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது? (சூலியா தெரு)

மருத்துவரிடம் சொல்லிவிட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் பாய். விடியுமுன் உண்ணும் சஹருக்கு அரைமணி முன்னதாக எழுந்து எடுப்பது ஒரு வழி. இரவில் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது எடுப்பது இன்னொரு வழி. நோன்புக் கஞ்சியோடு சேர்த்து மட்டும் வேண்டாம்.

நான் சைவம். இது விலங்கிலிருந்து எடுப்பதா? (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

ஒரு காலத்தில் அப்படித்தான். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1927இல் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சினை ஆய்வகத்திலேயே உருவாக்கிவிட்டார்கள். இன்று உங்களுக்குத் தரும் லெவோதைராக்சின் செயற்கையாகச் செய்யப்படுவது. சில நிறுவனங்களின் மாத்திரையில் பாற்சர்க்கரை இருக்கும். பாலும் தொடாதவர் என்றால் கேட்டு வாங்குங்கள்.

டிஎஸ்எச் 6.2, டி4 (இரத்தத்திலுள்ள தைராக்சின்) சரியாக இருக்கிறது. மாத்திரை தொடங்க வேண்டுமா?

அவசரம் இல்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வதுதான் வழக்கம். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொடங்குவார்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்களா? அது பரிசோதனை எண்ணையே குழப்பிவிடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

ஆனால் பிள்ளைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் கணக்கே வேறு, மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். முதல் மூன்று மாதம் கரு தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கருத்தரித்தால், வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக எடுக்கச் சொல்வது பல மருத்துவர்களின் வழக்கம். கர்ப்பம் உறுதியான அன்றே தொலைபேசியில் அழையுங்கள்.

எடை குறையுமா?

கொஞ்சம். போவது பெரும்பாலும் தேங்கிய நீர். இதை மெலிவதற்கான மருந்தாக நினைத்து அளவை நீங்களாகவே ஏற்றினால் இதயத் துடிப்பு தடம் மாறும், எலும்பு தேயும்.

ஒரு நாள் மறந்துவிட்டால்? (பாயான் பாரு)

அன்றே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்து எடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் வழக்கமான ஒன்று போதும். மறக்காமல் இருக்கக் காரிலேயே ஓர் அட்டை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த மாத்திரையின் வீரியம் போய்விடும்.