உதவியை நிறுத்தினால் படகு திரும்புமா?

கேள்வி: இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நம் அரசு கோடி கோடியாக அள்ளிக் கொடுக்கிறது. இலங்கைக் கடற்படையோ நம் விசைப்படகுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உதவியை அடியோடு நிறுத்தினால்தானே புத்தி வரும்?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வராது. உங்கள் கோபம் நியாயமானது. படகு போன வீட்டில் வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். ஆனால் அந்தக் கோபத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்.

நீங்கள் சொல்லும் 'அள்ளிக் கொடுப்பதில்' பெரும்பகுதி கடன். மாலே நகரைப் பக்கத்துத் தீவுகளோடு இணைக்கும் பாலத்துக்கு 40 கோடி டாலர் கடன், 10 கோடிதான் மானியம். 2022 நெருக்கடியில் இலங்கைக்குப் போன சுமார் 400 கோடி டாலரும் பெரும்பாலும் கடன் வசதியும் தவணைத் தள்ளிவைப்பும்தான். அந்த மார்ச் மாதம் அரிச்சல்முனைப் பக்கத்து மணல்திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க முடியாது. அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் கடல் தாண்டியவர்கள் அவர்கள். உதவியை நிறுத்தினால் அடி விழுவது அந்தக் குடும்பங்கள் மேல். கடற்படை ரோந்துப் படகுக்கு டீசல் எப்படியும் கிடைத்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த உதவியை யார் தீர்மானிக்கிறார்கள், யாரைக் கேட்டு?

உங்கள் படகுகள் பிடிபடும் செய்திகளில் அடிக்கடி அடிபடும், யாழ்ப்பாணத்துப் பக்கத்து நெடுந்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்றாலை மின்சாரம் என்று 2021-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. டெல்லி எதிர்த்தது. கடைசியில் இந்தியாவே 1.1 கோடி டாலர் மானியம் தர, 2024 மார்ச்சில் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று வருஷம் போயிற்று. தீவுக்காரர் வீட்டில் விளக்கு எரிவதைவிட அங்கே யார் கால் ஊன்றுவது என்பதே பெரிசாகிவிட்டது. இது தவறு, இதை நாம்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் வெளிநாட்டு உதவி நம் கரையையும் தொட்டிருக்கிறது. 1952-இல் நார்வே, ஐ.நா., இந்தியா மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கத்து நீண்டகரையில் மீனவர் வாழ்வை உயர்த்த ஒரு திட்டம் தொடங்கின. என்ஜின் படகு வந்தது, ஐஸ் வந்தது. எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்ததும் இழுவைமடி வலை தலையெடுத்தது. பின்னாளில் அரசு ஊக்கத்தோடு பாக் விரிகுடாவிலும் பெருகியது. ஆழமில்லாத இந்தக் கடலில் அடிமண்ணை வழித்து இழுக்கும் மடி என்ன செய்யும் என்று பாம்பன் நாட்டுப்படகுக்காரரைக் கேளுங்கள். எதிர்க்கரையிலும் அதே கதை. திங்கள், புதன், சனியில் நம் விசைப்படகுகள் வரும் என்று யாழ்ப்பாணத்து மீனவர் பலர் வலை விரிப்பதே இல்லை. விரித்தால் விடியும்போது அறுந்த துண்டுதான் மிஞ்சும். அவரும் நம்மைப் போல் கடன்பட்டு வலை வாங்கியவர்தான்.

பசிபிக் கடலில் துவாலு, கிரிபாட்டி, நவூரு உள்ளிட்ட எட்டு நாடுகள் வேறு வழி கண்டன. தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்க வரும் அந்நியக் கப்பல்களுக்கு ஒன்றுசேர்ந்து நாள் கணக்கில் கட்டணம் வைத்தன. ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 8,000 டாலர். சில ஆண்டுகளிலேயே வருமானம் பல மடங்கானது. எந்த நாடும் போட்ட பிச்சை அல்ல அது.

இனி நம் விஷயம். 2017-இல் பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவதாகத் திட்டம் வந்தது. படகு 80 லட்சம், 70 சதவீதம் மானியம். மீதி 24 லட்சத்தில் 8 லட்சம் கையிலிருந்து, 16 லட்சம் வங்கிக் கடன். மிகச் சில படகுகளே இறங்கின. ஏற்கெனவே கடனில் மூழ்கியவர் 8 லட்சத்துக்கு எங்கே போவார்? சரி, தங்கச்சிமடத்தில் யாரைக் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டார்கள்? அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள், அப்படியே அச்சிடுகிறோம்.