கேள்வி – பதில்: ஆழ்கடல் நீரோட்டத்தை அளப்பது எப்படி?

கேள்வி: ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கடல்நீர் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை எப்படி அறிகிறார்கள்?

பதில்: நீரோடு நீராக மிதந்து செல்லும் கருவிகளைக் கொண்டுதான் அறிகிறார்கள். 1955-இல் ஜான் சுவாலோ என்ற பிரிட்டிஷ் கடலியலாளர் அலுமினியக் குழாய்களால் ஒரு மிதவையை உருவாக்கினார். ஆழம் கூடக்கூட நீர் அமுங்கி அடர்த்தி பெறுகிறது. குழாயோ அந்த அளவுக்கு அமுங்குவதில்லை என்பதால், இரண்டின் அடர்த்தியும் சமமாகும் ஆழத்தில் அது மூழ்காமலும் மேலெழாமலும் நின்று, நீர் போகும் போக்கிலேயே போகும். அது எழுப்பிய ஒலியைக் கப்பலிலிருந்து கேட்டுத் தொடர்ந்தபோது, மிக மந்தமானது என்று கருதப்பட்ட ஆழ்கடலில், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகமான, திசைமாறும் ஓட்டங்கள் இருப்பது தெரியவந்தது. கடலியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன்.

இன்று இப்பணியைச் செய்பவை ஆர்கோ மிதவைகள். உருளை வடிவான இந்த மிதவை, தன்னுள் இருக்கும் எண்ணெயை வெளியிலுள்ள பைக்குள் தள்ளும்போது, எடை மாறாமல் பருமன் மட்டும் கூடி மேலேறுகிறது. பெரும்பாலும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்தபடியே மேலே வந்து, செயற்கைக்கோள் வழியே தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. முந்தைய இடத்திலிருந்து நகர்ந்த தொலைவைக் கழிந்த நாட்களால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் மேலடுக்கு நீர் இழுத்துச் சென்ற தூரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.