நாட்குறிப்பைத் தோழமையாக்குவது குறித்து
விடுதி அறையில் மூவருடன் தங்கியிருந்தும் மனம்விட்டுப் பேச ஒருவருமில்லை என்றும், தொடங்கிய நாட்குறிப்பு “வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்” என்பதோடு நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது உங்கள் குறையன்று; யாரிடம் சொல்கிறோம் என்பது தெளிவாகாதவரை பலருக்கும் அப்படித்தான் வரும். ஆம்ஸ்டர்டாமில் 1942 ஜூன் 12 அன்று, தன் 13ஆவது பிறந்தநாளில் நாட்குறிப்பேடு பெற்ற யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், அன்பான குடும்பமும் பழகுவதற்குப் பலரும் இருந்தும் உற்ற தோழி இல்லையென்று உணர்ந்து, அந்த ஏட்டுக்குக் ‘கிட்டி’ என்று பெயரிட்டு, தோழிக்குக் கடிதம் எழுதுவதுபோல் எழுதினார். நீங்களும் ஒரு பெயரை விளித்து, அன்றைக்குச் சொல்ல வாயெடுத்து விழுங்கிய ஒரே ஒரு பேச்சை மட்டும் அப்படியே எழுதிப் பாருங்கள். ஆனால் கிட்டி இருந்தும், நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த மறைவிடத்தில், 1944இல், உடன் ஒளிந்திருந்த பீட்டர் என்ற இளைஞரிடம் பேச்சுத்துணை தேடி ஆன் போகத்தான் செய்தார். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அறையிலுள்ளவர்களில் ஒருவரையேனும் தேநீர் குடிக்க அழையுங்கள்.