பங்குக் கணக்கு மென்பொருளுக்கு ஓர் எடைக்கல்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறேன். கணவர் காலமானபின் அவருடைய டீமேட் பங்குகளை 2024 ஆகஸ்டில் என் பெயருக்கு மாற்றினேன். 2025 ஜனவரியில் கொஞ்சம் விற்றேன். வரிக் கணக்குக்காக ஆண்டுச் சந்தா கட்டி ஒரு மென்பொருள் வாங்கினேன். அது ஒரு லாபம் காட்டுகிறது, புரோக்கர் அறிக்கை வேறொன்று காட்டுகிறது, ஆடிட்டர் மூன்றாவதாக ஒரு தொகை சொல்கிறார். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வேறு வந்துவிட்டது. மென்பொருள் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: உங்கள் சொந்தக் கணக்கை வைத்துச் சோதிக்காதீர்கள். சரியான விடை நமக்கே தெரியாதபோது எதை வைத்து ஒப்பிடுவது? கீழமாசி வீதியில் புதுத் தராசு வாங்கினால் யாரும் முதலில் வெங்காயத்தை வைத்துப் பார்ப்பதில்லை; ஒரு கிலோ எடைக்கல்லைத்தான் வைப்பார்கள். அதுபோல, விடை தெரிந்த சின்னக் கணக்குகளை ஒரு போலி போர்ட்ஃபோலியோவில் (பங்குப் பட்டியலில்) ஏற்றிப் பாருங்கள்.

இதோ ஒன்று. 2024 ஜனவரி 10-இல் 100 பங்கு, விலை 200 ரூபாய். அதே ஆண்டு நவம்பர் 10-இல் இன்னும் 100, விலை 300. 2025 பிப்ரவரி 20-இல் 150 பங்கை 400-க்கு விற்கிறீர்கள். முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. ஆகவே ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த 100 பங்கில் நீண்டகால லாபம் 20,000, மீதி 50-இல் குறுகியகால லாபம் 5,000. மென்பொருள் 22,500 என்று காட்டினால் சராசரி விலையில் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அது தப்பு.

அடுத்தது போனஸ், அதாவது நிறுவனம் இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு. இதில்தான் பல மென்பொருள்கள் வழுக்கும். 600 ரூபாய்க்கு வாங்கி இரண்டு வருடமான 100 பங்குக்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் வருகிறது. அப்புறம் 100 பங்கை 350-க்கு விற்கிறீர்கள். பழைய பங்குகள்தான் விற்றதாகக் கணக்கு, அடக்கவிலை 600, எனவே நஷ்டம் 25,000. போனஸ் பங்கின் அடக்கவிலை பூஜ்யம். போனஸையும் ஒரு பங்கை இரண்டாக உடைக்கும் பங்குப் பிரிப்பைப் போலப் பாவித்து விலையைப் பாதியாக்கும் மென்பொருளில் 5,000 லாபம் வரும்.

2015-இல் 100-க்கு வாங்கி, 2018 ஜனவரி 31-இல் 250 ஆக இருந்த பங்கை இப்போது 220-க்கு விற்பதாகவும் போடுங்கள். அந்த நாளுக்கு முன் வாங்கிய பங்குக்கு, அன்றைய விலையை, விற்ற விலையைத் தாண்டாத அளவுக்கு, அடக்கவிலையாக எடுக்கலாம்; ஆகவே லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. வருமான விகிதத்துக்கு, 2024 ஏப்ரல் 1-இல் போட்ட 10,000 சரியாக ஒரு வருடத்தில் 11,000 ஆனால் எக்ஸ்ஐஆர்ஆர் (தேதிவாரியாகப் போடும் ஆண்டு வருமான விகிதம்) 10 சதவீதம்தான் வரவேண்டும். 2024 ஜூலை 22, 23 ஆகிய இரு தேதிகளிலும் ஒரு விற்பனை வையுங்கள். 23 முதல் நீண்டகால லாபத்துக்கு வரி 10-லிருந்து 12.5 சதவீதமாகவும், குறுகியகாலத்துக்கு 15-லிருந்து 20 ஆகவும் மாறியது.

சரி, உங்கள் மூன்று தொகைகளுக்கு வருவோம். கணவரிடமிருந்து வந்த பங்குக்கு, அவர் வாங்கிய விலையும் தேதியும்தான் உங்களுக்கும் செல்லும். அவர் 2019-இல் 150-க்கு வாங்கியது, மாற்றிய அன்று 400, விற்றது 420 என்று வையுங்கள். பங்குக்கு 270 ரூபாய் நீண்டகால லாபம். மாற்றிய தேதியையே வாங்கிய தேதியாக எடுக்கும் மென்பொருள் 20 ரூபாய் குறுகியகால லாபம் என்று காட்டும்; அடக்கவிலை தெரியாமல் பூஜ்யம் போடும் அறிக்கையில் 420 வரும். உங்களுக்கு நடந்ததும் அநேகமாக இதுதான். ஆக, புரோக்கர் அறிக்கையையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கணவரின் பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளை (வாங்கிய விலையும் தேதியும் உள்ள புரோக்கர் சீட்டுகளை) தேடி எடுத்து ஆடிட்டரிடம் கொடுங்கள். குறைவாகக் காட்டுவதை எடுத்துக்கொண்டால், வருமானவரி நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

சோதனையில் தப்பு வந்தால் திரையைப் படம் எடுத்து, கையால் போட்ட கணக்கோடு நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். திருத்தவும் மாட்டோம், பணமும் தரமாட்டோம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ அங்கே கட்டணம் கிடையாது. இன்னொன்று, சந்தா, பணம் தானாகவே போகும் யுபிஐ ஆட்டோபேயில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.