நாகானோ: பட்டுக்கூடும் கைக்கடிகாரமும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், சுவா ஏரிக்கு அருகிலுள்ள ஒரு நுண்கருவித் தொழிற்சாலையில் ஆறு மாதங்களாகப் பணிபுரிகிறேன். தூய காற்றும் நல்ல நீரும் இருப்பதால்தான் சுவிட்சர்லாந்தைப் போல இங்கும் கடிகாரத் தொழில் வளர்ந்தது என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். முன்பு இங்கே பட்டு ஆலைகள் இருந்து அழிந்தன என்றும் கேள்விப்பட்டேன். ஆனால் விடுமுறை நாளில் பேருந்தில் போனால் வழியெங்கும் ஆப்பிள் தோட்டங்களும் காய்கறி வயல்களுமாக இருக்கிறது. தொழில் வளர்ந்தால் வேளாண்மை தேய்வதுதானே வழக்கம்? இங்கே நடந்தது என்ன?

கி.

அன்புள்ள கி.,

காற்றும் நீரும் பற்றிய விளக்கம் பொய்யல்ல. ஆனால் அது மனிதர்களை விட்டுவிடுகிறது. தூய காற்று உள்ள மலைப்பள்ளத்தாக்குகள் ஜப்பானில் ஏராளம். அவற்றில் சுவா மட்டும் ஏன் கடிகாரம் செய்தது என்று கேட்டால், பதிலைப் பட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாகானோ கடலே இல்லாத மாகாணம். மலைச்சரிவில் நெல் விளையும் நிலம் குறைவு, குளிர்காலம் நீண்டது. ஆகவே உழவர் வீடுகள் மல்பெரி வளர்த்து, வீட்டின் மேல்தளத்திலேயே அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவையும் வளர்த்தன. 1859-இல் யோக்கோஹாமா துறைமுகம் திறக்கப்பட்டதும் அந்தப் புழுக்கள் பின்னும் கூடுகளின் பட்டுக்கு உலகச் சந்தை கிடைத்தது. 1872-இல் அரசு அண்டை மாகாணமான குன்மாவின் தொமியோக்காவில் பிரெஞ்சு இயந்திரங்களைக் கொண்டு பெரும் ஆலை ஒன்றை நிறுவியது. சுவாவின் சிறு முதலாளிகளால் அத்தனை செலவு செய்ய இயலவில்லை. அவர்கள் இத்தாலிய முறையையும் பிரெஞ்சு முறையையும் கலந்து, இரும்புக்குப் பதிலாக இயன்ற இடத்திலெல்லாம் மரத்தைப் பயன்படுத்தி, ஏரியிலிருந்து புறப்படும் தென்ரியூ ஆற்றில் நீர்ச்சக்கரம் அமைத்து, மலிவான இழையெடுப்புப் பொறி ஒன்றை உருவாக்கினார்கள். ஒகாயா நகரம் அந்தப் பொறியின் மீது எழுந்தது. 1909 அளவில் ஜப்பான் சீனாவை முந்திக் கச்சாப்பட்டு ஏற்றுமதியில் உலகின் முதலிடத்தைப் பிடித்தபோது, அதில் ஒகாயாவின் பங்கு மிகப் பெரிது.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது, வேளாண்மையும் தொழிலும் அன்று இரு வேறு உலகங்களாக இருக்கவில்லை என்பது. தந்தை கூடு விற்பார். மகள் ஆலையில் நூல் பிரிப்பாள். வங்கி அந்தக் கூட்டையே ஈடாக வாங்கிக்கொண்டு ஆலைக்குக் கடன் கொடுக்கும். நூல் பிரித்தபின் எஞ்சும் புழு ஏரியின் கெண்டை மீன்களுக்குத் தீனியாகும், மனிதருக்கும் உணவாகும். ஆலைத் தொழிலாளருக்காகப் பெரிய அளவில் மிசோ என்னும் புளித்த சோயா விழுது தயாரிக்கும் பழக்கமும் அப்படித்தான் வளர்ந்தது. இன்று ஜப்பானில் உற்பத்தியாகும் மிசோவில் ஏறத்தாழப் பாதி நாகானோவில் செய்யப்படுகிறது.

இந்த வளர்ச்சியின் விலையைக் கொடுத்தவர்கள் இளம்பெண்கள். அண்டை மாகாணமான கிபுவின் ஹிதாப் பகுதியிலிருந்து, பனி மூடிய நொமுகி கணவாயை நடந்தே கடந்து வந்தவர்கள் அவர்களில் பலர். ஒருத்தியின் கூலியைக் குறைத்து இன்னொருத்திக்குக் கூட்டும் தரவரிசை முறை ஆலைகளில் இருந்தது. தோழியரையே ஒருவருக்கொருவர் போட்டியாக்கிய அந்த முறையைத் திறமைக்கான பரிசு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 1927-இல் ஒகாயாவின் ஓர் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள்.

1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்ததும் பட்டு வாங்க ஆளில்லாமல் போயிற்று. கூட்டின் விலை வீழ்ந்தபோது, ஒரே சரக்கை நம்பியிருந்த மாகாணம் முழுதும் விழுந்தது. 1931-இல் பத்தொன்பதாம் வங்கியும் அறுபத்து மூன்றாம் வங்கியும் இணைந்தன. 19-ஐயும் 63-ஐயும் கூட்டி, புதிய வங்கிக்கு எண்பத்திரண்டாம் வங்கி என்றே பெயர் வைத்தார்கள். நீங்கள் சம்பளம் எடுக்கப் போகும் வழியில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கக்கூடும். சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவுக்குக் குடியேற்றக்காரர்களை மிக அதிகமாக, முப்பதாயிரத்துக்கும் மேலாக, அனுப்பிய மாகாணமும் நாகானோதான். 1945-இல் ஜப்பான் போரில் தோற்றபின் அவர்களில் பலர் திரும்பவே இல்லை. பட்டிலிருந்து நுண்கருவிக்கு நடந்த மாற்றத்தை வெற்றிக்கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

வீழ்ச்சிக்குப் பின் எஞ்சியவை வெற்று ஆலைக் கட்டடங்கள், இழையெடுப்புப் பொறிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் பழகிய பட்டறைக்காரர்கள், நுண்ணிய வேலைக்குப் பழகிய கைகள். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தோக்கியோவின் தொழிற்சாலைகள் இடம் தேடியபோது இவையெல்லாம் இங்கே ஆயத்தமாக இருந்தன. கேமரா செய்யும் ஒலிம்பஸ் வந்தது, செய்கோவின் கடிகாரப் பிரிவும் வந்தது. அதற்கு முன்பே, 1942-இல், ஹிசாவோ யாமாசாகி என்ற உள்ளூர்க் கடிகாரக் கடைக்காரர் சுவாவில் ஒரு மிசோக் கிடங்கைச் செப்பனிட்டு, கடிகார உதிரிபாகங்கள் செய்யத் தொடங்கியிருந்தார். அந்த வழியில் வளர்ந்த சுவா செய்கோஷா 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென், அன்று ஒரு சிறிய காரின் விலை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் நேரத்தைக் காகிதத்தில் பதிக்கும் கருவிக்காகச் செய்த ஆய்விலிருந்து 1968-இல் இ.பி. 101 என்ற சிறு அச்சுப்பொறி பிறந்தது. அந்த இ.பி.யின் வாரிசுகள் (ஆங்கிலத்தில் ‘சன்’ என்றால் மகன்) என்ற பொருளில் 1975-இல் எப்சன் என்ற பெயர் வந்தது.

உழவர்களும் சும்மா இருக்கவில்லை. மல்பெரியைப் பிடுங்கிய நிலங்கள் பலவற்றில் ஆப்பிள் நட்டார்கள். ஆப்பிள் விளைச்சலில் அவோமோரிக்கு அடுத்த இடம் நாகானோவுக்கு. குளிர்காலத்தில் சும்மா இருக்கும் கைகளுக்கு வேலையாகப் புட்டியில் வளர்த்த எனோகி காளான், இன்று பெருந்தொழில். சிக்குமா ஆற்றின் தலைப்பில், ஆயிரம் மீட்டருக்கும் மேலே உள்ள கவாகாமி கிராமம் போருக்குப் பின் அமெரிக்கப் படையினரின் தேவைக்காக லெட்டூஸ் என்னும் சாலட் கீரையைப் பயிரிட்டது. சமவெளி வெயிலில் அது வாடும் கோடையில் இங்கே விளையும் என்பதே அதன் பலம். விடியுமுன் விளக்கொளியில் அறுத்துக் குளிரூட்டி நகரங்களுக்கு அனுப்புகிறார்கள். அறுப்பவர்களில் பலர் இன்று பயிற்சி பெறுவோர் என்ற பெயரில் வந்திருக்கும் வெளிநாட்டு இளைஞர்கள். நொமுகி கணவாயைக் கடந்து வந்த பெண்களை நினைக்காமல் அவர்களைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

ஆக, இங்கே வேளாண்மை தேய்ந்து தொழில் வரவில்லை. இரண்டும் ஒரே வீட்டின் இரு கைகளாக இருந்தவை. ஒரு பயிர் கைவிட்டபோது இரண்டுமே வேறு வேலை தேடிக்கொண்டன. அடுத்த விடுமுறையில் ஒகாயாவின் பட்டு அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அதன் உள்ளேயே ஒரு சிறிய ஆலை இன்றும் கூடுகளிலிருந்து நூல் பிரித்துக்கொண்டிருக்கிறது. கூட்டிலிருந்து இழையின் நுனியைக் கண்டுபிடிக்கும் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, உங்கள் ஆலையில் நீங்கள் செய்யும் வேலையைப் பற்றி எனக்கு விரிவாக எழுதுங்கள்.