வாசகர் கேள்வி–பதில்: சுடோகுவில் எது என்று தெரியாமலே முன்னேறலாம்

சுடோகு பழகத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களில் கிடைவரிசைகளை மேலிருந்து கீழாகவும், நெடுவரிசைகளை இடமிருந்து வலமாகவும் எண்ணியிருக்கிறோம். ஒன்பது சிறு கட்டங்கள் சேர்ந்த சதுரத்தைப் பெரிய கட்டம் என்று குறிப்பிடுகிறோம்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நாளிதழில் வரும் சுடோகுவைப் போடப் பழகுகிறேன். ‘எளிது’ என்று குறிப்பிட்டிருப்பதே பாதியில் நின்றுவிடுகிறது. பள்ளி நாளிலிருந்தே எனக்குக் கணக்கு வராது. அதுதான் காரணமா?
(வாசகி, சேலம்)

பதில்: அதுவன்று. சுடோகுவில் எண்கள் இருக்கின்றனவே தவிரக் கணக்கு இல்லை. 1 முதல் 9 வரையுள்ள எண்களுக்குப் பதிலாக, கோயிலில் மூன்றுக்கு மூன்றாக நிற்கும் நவக்கிரகங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் பெரிய கட்டத்திலும் ஒவ்வொரு கிரகமும் ஒரே ஒரு முறை வரவேண்டும் என்று விதித்தாலும் புதிர் இதேதான். எண்களைக் கண்டதும் பலர் இதை, எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் மாயச் சதுரத்தோடு குழப்பிக்கொண்டு, வரிசையின் கூட்டுத்தொகை 45 வருகிறதா என்று கூட்டிச் சரிபார்க்கிறார்கள். அந்தச் சோதனையை நம்பவும் முடியாது. 4, 6 இருக்கவேண்டிய இடங்களில் கைதவறி 5, 5 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை 45-தான்.

1979-ல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரில் இது வெளிவந்தது. இதை உருவாக்கியவராகக் கருதப்படும் ஹோவர்ட் கார்ன்ஸ் கணித அறிஞர் அல்லர், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். 1984-ல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் தன் இதழில் இதை வெளியிட்டபோது வைத்த நீண்ட பெயரின் சுருக்கமே ‘சுடோகு’. எண்கள் தனிக்கட்டையாகவே இருக்கவேண்டும் என்பது அதன் பொருள்.

நீங்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும், ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதுதான். வெற்றுக் கட்டம் ஒன்றைப் பார்த்து ‘இங்கே என்ன எண் வரும்?’ என்று கேட்பது ஒரு வழி. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘இது எங்கே வரும்?’ என்று கேட்பது இன்னொரு வழி. எளிய புதிர்களில் இரண்டாவது கேள்விதான் விரைவாக விடை தரும். புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்க மறப்பதும் அதைத்தான்.

கேள்வி: ‘இது எங்கே வரும்?’ என்ற முறையில் தேடுவதை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்க முடியுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மேலே உள்ள மூன்று பெரிய கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதில், முதல் கிடைவரிசையில் ஒரு 5 இருக்கிறது. வலப்பக்கம் உள்ளதில், மூன்றாம் கிடைவரிசையில் ஒரு 5 இருக்கிறது. அப்படியானால் இடப்பக்கப் பெரிய கட்டத்தின் 5 முதல் வரிசைக்கும் போக முடியாது, மூன்றாம் வரிசைக்கும் போக முடியாது. இரண்டாம் வரிசையில்தான் உட்கார வேண்டும். அந்த வரிசையின் முதல் சிறு கட்டத்தில் ஏற்கெனவே 8 இருக்கிறது. அடுத்த இரண்டும் காலி. இப்போது கண்ணைக் கீழே இறக்கிப் பாருங்கள்: இரண்டாம் நெடுவரிசையில், ஆறாம் கிடைவரிசையில், ஒரு 5 இருந்தால் அந்த இடமும் அடைபட்டுவிடுகிறது. மூன்றாவது சிறு கட்டத்தில் தயங்காமல் 5 எழுதலாம்.

அந்தச் சிறு கட்டத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், 1, 5, 6, 9 என நான்கு எண்கள் அங்கே பொருந்துவதுபோலத் தோன்றியிருக்கக் கூடும். அதனால்தான் ஆங்கிலத்தில் இதை ‘ஹிடன் சிங்கிள்’, அதாவது ஒளிந்திருக்கும் ஒற்றை என்கிறார்கள். தாளில் அதிகமாகத் தென்படும் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஏழு 3-கள் கண்ணுக்குத் தெரியும்போது எட்டாவதற்கு ஒளிய இடம் குறைவு.

கேள்வி: நான் தொடங்கும்போதே எல்லாக் கட்டங்களிலும் வரக்கூடிய எண்களைப் பென்சிலால் பொடியாக எழுதிவிடுகிறேன். ஆனால் தாள் முழுவதும் எண்களாகி ஒன்றும் புரிவதில்லை. மேலும், இரண்டு கட்டங்களில் 2, 6 என்று ஒரே குறிப்பு வருகிறது. எதில் 2, எதில் 6 என்று தெரியாதபோது அதனால் என்ன பயன்?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதலில் குறிப்பைப் பற்றி. எழுதுவதில் தவறில்லை, எழுதும் நேரம்தான் தவறு. முந்தைய பதிலில் சொன்ன முறையில் ஒன்பது எண்களையும் இரண்டு சுற்றுத் தேடி, இனி ஒன்றும் கிடைக்காது என்ற நிலை வந்த பிறகு குறிப்பெழுதினால், நிரப்ப வேண்டிய கட்டங்களே குறைந்திருக்கும். ஓர் எண்ணை உறுதி செய்தவுடன் அதன் வரிசைகளிலும் பெரிய கட்டத்திலும் உள்ள அதே எண்ணின் குறிப்புகளை அப்போதே அழித்துவிட வேண்டும். அழிக்காமல் விட்ட குறிப்பு, இல்லாத குறிப்பைவிட மோசமானது.

இனி உங்கள் 2, 6. ஏழாம் கிடைவரிசையில் நான்கு இடங்கள் காலி என்றும், வரவேண்டியவை 2, 4, 6, 9 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் 2, 6. நான்காவதில் 2, 4, 9. ஐந்தாவதில் 2, 6. ஒன்பதாவதில் 4, 6. முதல் கட்டமும் ஐந்தாவது கட்டமும் 2-ஐயும் 6-ஐயும் தமக்குள் பங்குபோட்டுக்கொள்ளப் போகின்றன. யாருக்கு எது என்பது அவர்கள் வீட்டு விவகாரம். நமக்குத் தேவையானது, அந்த இரண்டு எண்களும் வெளியே வராது என்பது மட்டுமே. எனவே ஒன்பதாவது கட்டத்தில் 6 அடிபட்டு 4 மட்டும் நிற்கிறது. நான்காவதில் 2 அடிபடுகிறது, இப்போது கண்டுபிடித்த 4-ம் அடிபடுகிறது, 9 நிற்கிறது. எதில் 2 என்று தெரியாமலே இரண்டு கட்டங்கள் நிரம்பிவிட்டன. தொடக்க நிலையைத் தாண்டி வருபவர் பழகவேண்டியது இதைத்தான்.

கேள்வி: இரண்டில் ஒன்று என்று வரும்போது ஏதாவது ஒன்றை ஊகித்துப் போட்டுத் தொடர்ந்தால் என்ன தவறு? விடை வந்தால் சரிதானே?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விடை வந்தால் சரிதான். வராதபோதுதான் சிக்கல். ஒருமுறை திருச்சி செல்லும் ரயிலில், விழுப்புரத்தில் நான் ஊகித்துப் போட்ட ஓர் 8, அரியலூர் வரும்போது ஒரே நெடுவரிசையில் இரண்டு 3-களாக வந்து நின்றது. எழுதியதோ பால்பாயிண்ட் பேனாவில். இடையில் நிரப்பிய இருபது சொச்சம் எண்களில் எவை அந்த 8-ஐ நம்பி வந்தவை, எவை தாமாகவே சரியானவை என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

முறையாக அமைத்த புதிருக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அதனால், ஊகிக்கத் தோன்றும் இடத்தில், ‘இரண்டில் ஒன்று’ என்ற செய்தியையே பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். மேல்நடுப் பெரிய கட்டத்தில் 7 வரக்கூடிய இடங்கள் இரண்டு, இரண்டுமே இரண்டாம் கிடைவரிசையில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். எந்த இடமானாலும் இரண்டாம் வரிசையின் 7 அந்தப் பெரிய கட்டத்துக்குள்தான். பக்கத்தில், வலப்பெரிய கட்டத்தில், 7-க்கு இரண்டாம் வரிசையில் ஓரிடமும் மூன்றாம் வரிசையில் ஓரிடமும் மிஞ்சியிருந்தால், முதலாவது அடிபட்டுப்போகிறது. மூன்றாம் வரிசையில் 7 எழுதலாம்.

கேள்வி: கொடுத்திருக்கும் எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: அப்படிப் பார்க்க வேண்டாம். ஒரே விடை அமைய வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் தரப்பட்டிருக்க வேண்டும் என்பதை அயர்லாந்தின் டப்ளினைச் சேர்ந்த கேரி மெக்கையர் குழுவினர் 2012-ல் கணினியைக் கொண்டு நிறுவினார்கள். அந்த 17 எண் புதிர்களிலேயே, தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்ன முறையால் மட்டும் முடிந்துவிடுபவை பல உண்டு. 25 எண்கள் கொடுத்தும் மணிக்கணக்கில் அலைக்கழிப்பவையும் உண்டு.

கேள்வி: ‘எக்ஸ்-விங்’ முறையைக் கற்றுக்கொண்டால்தான் கடினப் புதிர்களைப் போட முடியும் என்கிறார் என் நண்பர். உண்மையா?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஓரளவு உண்மை, ஆனால் அவசரம் இல்லை. அந்த முறை இதுதான்: இரண்டாம் கிடைவரிசையில் 4 வரக்கூடிய இடங்கள் மூன்றாம், எட்டாம் நெடுவரிசைகளில் மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் கிடைவரிசையிலும் அப்படியே. மேலே மூன்றாம் நெடுவரிசை என்றால் கீழே எட்டாவது, மேலே எட்டாவது என்றால் கீழே மூன்றாவது. இரண்டில் எது நடந்தாலும் அந்த இரு நெடுவரிசைகளின் 4-களும் இந்த நான்கு மூலைகளுக்குள் அடங்கிவிடுவதால், அவற்றில் மற்ற இடங்களில் உள்ள 4 குறிப்புகளை எல்லாம் அழித்துவிடலாம். திருநெல்வேலி வாசகரின் 2, 6 இணையைக் குறிப்பைத் தடவித் தேடாமல் கண்ணாலேயே பிடிக்க உங்களுக்கு வந்துவிட்டதென்றால், இந்த நான்கு மூலைகளைத் தேடத் தொடங்கலாம். அதுவரை நண்பர் காத்திருக்கட்டும்.